படிக்க ஆளில்லையா? தலைப்பை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

நன்றாக எழுதிய கட்டுரை எடுபடவில்லை என்றால் அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் (இலவசம்தான்) 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறந்து, கடைசி 28 நாட்களுக்கு அந்த ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள்.

இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் பக்கம் தெரிந்த எண்ணிக்கை) நிறைய, கிளிக் சொற்பமா? தேடல் முடிவுகளில் பக்கம் வரும் சராசரி இடம் 10-க்குள் இருந்தால் பெரும்பாலும் தலைப்புதான் கோளாறு. 30, 40 என்று இருந்தால் தலைப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. கட்டுரை யார் கண்ணிலும் படாத ஆழத்தில் கிடக்கிறது, உள்ளடக்கத்தைத்தான் வலுப்படுத்த வேண்டும்.

அடுத்து 'குவெரீஸ்' பட்டியல், அதாவது வாசகர்கள் கூகுளில் தட்டிய தேடல் சொற்கள். உண்மையான பாடம் இங்கேதான். நீங்கள் 'இட்லி மாவின் நுட்பங்கள்' என்று தலைப்பிட்டிருப்பீர்கள். வந்தவர் தட்டியதோ 'மாவு புளிக்கவில்லை என்ன செய்வது'. அந்தக் கேள்வியையே தலைப்பாக்கி, முதல் மூன்று வரிக்குள் விடையைச் சொல்லுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் ஏராளம், அந்தத் தேடல்களையும் விடாமல் படியுங்கள்.

கிளிக் வந்தும் பத்து விநாடியில் வெளியேறுகிறார்களா? முன்னுரையை வெட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பிறகு மூன்று, நான்கு வாரம் காத்திருங்கள். தலைப்பையும் தொடக்கத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. மொத்தமே பத்துப் பதினைந்து கிளிக் என்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.