பலகை இல்லாத கதவு: என் அனுபவம்

குடியை நிறுத்திய அண்ணனுக்கு, அவரைப் போன்றோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) குழுவின் கூட்டத்தைத் தேடிக் கோலாலம்பூரில் 11 நாள் அலைந்தேன். பழைய பட்டியலில் இருந்த எண் இயங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு கட்டடக் காவலாளியோ, அப்படியொரு கூட்டமே இங்கில்லை என்று இருமுறை திருப்பி அனுப்பினார்.

1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், உறுப்பினரின் பெயரைக் காப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அதனால்தானோ என்னவோ, வாசலில் பலகை இல்லை. வேறோர் எண் கிடைத்ததும் அண்ணனையே பேசச் சொல்லி, எந்தக் கதவு, திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேட்க வைத்தேன். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டுமே, திறந்ததில் குடும்பத்தாரும் உட்காரலாம், கட்டணம் கிடையாது.

பின்படிக்கட்டின் கதவில், இடுப்பளவு உயரத்தில், 'ஏ.ஏ.' என்ற சிறு தாள் ஒட்டியிருந்தது. அண்ணன் உள்ளே போனபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.