கிஃப்ட் கார்டு வந்தால் என்ன செய்வது?

கவரைப் பிரித்ததும் உள்ளே கிஃப்ட் கார்டு இருந்தால் சிலருக்கு முகம் வாடிவிடும், யோசிக்க நேரமில்லாமல் கையில் திணித்துவிட்டார் என்று தோன்றும். ஆனால் பிடிக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு சிரிக்க வேண்டியதில்லையே என்ற நிம்மதியும் கூடவே வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் தப்பில்லை. நன்றி சொல்லிவிட்டு, அன்றைக்கே கார்டைத் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கம் பொடி எழுத்தில் காலாவதி தேதி இருக்கிறதா, ரொம்ப நாள் பயன்படுத்தாவிட்டால் கட்டணம் பிடிப்போம் என்று போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சுரண்டினால் தெரியும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், அது தெரிந்தால் கார்டே இல்லாமல் பணத்தைக் காலி செய்துவிடலாம். போனில் அதைக் கேட்பவர் கிட்டத்தட்ட எப்போதுமே மோசடிக்காரர்தான்.

அப்புறம், சீக்கிரம் செலவழியுங்கள். நல்லதாக ஏதாவது வரட்டும் என்று டிராயரில் போட்டு வைத்தால் லாபம் கடைக்குத்தான், ஏனென்றால் பொருளைக் கொடுக்கும் முன்பே அவர்கள் காசை வாங்கிவிட்டார்கள். கடை திவாலானாலோ, கடன் கொடுத்தவர்கள் வரிசையில் கடைசியில் நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

சில்லறைத் தொகை மிஞ்சினால், பில்லில் ஒரு பகுதியைக் கார்டிலும் மீதியை ரொக்கமாகவும் கட்ட முடியுமா என்று கல்லாவில் கேளுங்கள். அந்தக் கடையே உங்களுக்கு ஒத்துவராதா? சரி, அங்கே அடிக்கடி போகிற நண்பரிடம் கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்தவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.