பெங்களூருவில் வெட்டிவேரை இனங்கண்டு நடும் முறை

பெங்களூரு நாற்றுப்பண்ணைகளில் வெட்டிவேரைக் கன்னடப் பெயரால் ‘லாவஞ்ச’ என்று கேட்டு, கையில் தருவதை அப்படியே வாங்கிவிடாமல் முதலில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். எலுமிச்சை வாசம் எழுந்தால் அது எலுமிச்சைப்புல்; வெட்டிவேரின் இலையில் மணமே இராது, மணம் முழுவதும் வேரில்தான். அடித்தூரையும் கவனியுங்கள்: இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, விசிறியைப் போலத் தட்டையாக நிற்கும். ஒன்றரை மீட்டர் வரை உயரும் விறைப்பான இப்புல்லின் பூங்கதிர் செவ்வூதா நிறமுடையது; ஆனால் பயிரிடும் வகைகள் பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை என்பதால், தூரைப் பிரித்தே நட வேண்டும்.

இலையை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கி, வெயில் படும் இடத்தில் ஊன்றுங்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீட்டருக்கும் கீழே செங்குத்தாக இறங்கக்கூடியது. ஆகவே மாடித்தோட்டத்துக்கு அகலத் தொட்டியைவிட, மணல் கலந்த மண் நிரப்பிய உயரமான டிரம்மே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. மணம் முதிர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பொறுத்திருந்து, வேரறாதபடி டிரம்மைச் சாய்த்து மண்ணை உதிர்த்து எடுங்கள்.