உறைபனியில் வெண்தலைக் கழுகு பார்க்கப் போகிறீர்களா?

'பால்ட் ஈகிள்' என்ற பெயரைக் கேட்டு மொட்டைத் தலையைத் தேடாதீர்கள். தலை நிறைய வெள்ளை இறகு இருக்கும். நம்மூர்ச் செம்பருந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் பெரியண்ணன் மாதிரி தெரியும். ஆனால் தலை முழுசாக வெளுக்க ஐந்து வயதாகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்பு. 'ஏதோ பருந்து' என்று விட்டுவிடுவோம்.

படி 1: இடம். சிகாகோவிலிருந்து தென்மேற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால், இல்லினாய் ஆற்றில் ஸ்டார்வ்டு ராக் அணை. சுற்றியுள்ள ஏரி, குளமெல்லாம் உறைந்தாலும் அணைக்குக் கீழே தண்ணீர் புரண்டுகொண்டே இருப்பதால் அங்கே மீன் கிடைக்கும். அதனால் குளிர் ஏற ஏறக் கழுகுக் கூட்டமும் ஏறும். ஜனவரி, பிப்ரவரி சரியான மாதங்கள். வடகரையில் பார்வையாளர் மையம் இருக்கிறது.

படி 2: நேரம். விடிந்ததும் போய்விடுங்கள். மீன் பிடிப்பது பெரும்பாலும் காலையில்தான். அப்புறம் மரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

படி 3: பை. 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர், கையுறை, ஃபிளாஸ்க்கில் சூடான காபி. போதும்.

படி 4: தூரம். இதுதான் முக்கியம். காரிலேயே உட்கார்ந்து பாருங்கள். காரைக் கண்டு மிரளாத கழுகு, அதிலிருந்து ஆள் இறங்கினால் மிரளும். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் 100 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கிறதா, கிளையில் நிலைகொள்ளாமல் அசைகிறதா? அப்படியே மெல்லப் பின்வாங்குங்கள். உறைபனியில் வீணாகப் பறக்கும் ஒவ்வொரு தடவையும், அது தின்ற மீனின் சத்து கரைகிறது. பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ட்ரோன், மீன் வீசி அழைப்பது எதுவும் வேண்டாம்.

படி 5: சட்டம். 1940-லிருந்தே இந்தப் பறவைக்குத் தனிச் சட்டம் உண்டு. 1963-இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் கூடு கட்டியவை 417 ஜோடிதான். கழுகின் முட்டை ஓடுகளை மெலிதாக்கிய டிடிடி பூச்சிக்கொல்லி 1972-இல் தடையானது, பிறகு எண்ணிக்கை மீண்டது, 2007-இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தொந்தரவு செய்வது இன்றும் குற்றம். கீழே கிடக்கும் இறகை எடுத்து வருவதுகூடக் குற்றம்தான். குழந்தைகளிடம் கார் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால், இறகு ஏற்கெனவே சட்டைப் பையில் இருக்கும்.