பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் அண்டைப் பிளவுகளின் நகர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜூலை 4 அன்று கலிபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்ட் நகருக்கு அருகே 6.4 அளவுள்ள நிலநடுக்கமும், மறுநாள் இரவு 7.1 அளவுள்ள நிலநடுக்கமும் ஏற்பட்டன. அவற்றின் முறிவு தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த கார்லாக் பிளவை (பிளவு என்பது இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரும் நிலத்தடி விரிசல்) எட்டாமலே நின்றுவிட்டது; ஆனாலும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பிளவின் ஒரு பகுதி, தரைமட்டத்தில் சுமார் 2 சென்டிமீட்டர் சறுக்கியிருந்ததைச் செயற்கைக்கோள் ரேடார் காட்டியது. பெரும் பிளவு விழித்துக்கொண்டது என்று இதற்குப் பொருள் கொள்வதும் தவறு. அதன் இறுக்கம் தளர்ந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று கொள்வதும் தவறு.

இரண்டாவது தவறே என் பார்வையில் பெரியது, ஏனெனில் அது நிம்மதி தருகிறது. கார்லாக் பிளவின் நடுப்பகுதியில் நீண்டகால நகர்வு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்பதால், 2 சென்டிமீட்டர் என்பது சில ஆண்டுகளின் சேமிப்பு மட்டுமே. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் தகைவுடன், அதாவது பாறைக்குள் தேங்கிய விசையுடன், ஒப்பிட அது மிகச் சிறிது. மேலும், இத்தகைய சறுக்கல் பெரும்பாலும் மேற்பரப்புக்கு அருகிலேயே நிகழ்கிறது. பெரிய நிலநடுக்கத்துக்கான தகைவு பல கிலோமீட்டர் ஆழத்தில் பூட்டப்பட்டிருக்கும் பகுதியில் தொடர்ந்து இருக்கிறது.

ரேடார் படத்தில் தெரியும் கோடுகளை எல்லாம் சறுக்கல் என்று எண்ணுவதும் எளிதில் நேரும் பிழை. சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் வெவ்வேறு நாட்களில் எடுத்த இரு பதிவுகளை ஒப்பிட்டு உருவாக்கும் படத்தில் ஒரு வண்ண வளையம், செயற்கைக்கோளை நோக்கியோ அதைவிட்டு விலகியோ சுமார் 2.8 சென்டிமீட்டர் அசைவைக் குறிக்கிறது; நிலம் கிடைமட்டமாக நகர்ந்ததா, தாழ்ந்ததா என்பதை ஒரே திசையிலிருந்து எடுத்த படம் தனித்துச் சொல்லாது. அதைவிட நுட்பமான சிக்கலும் உண்டு. பழைய பிளவுகளைச் சூழ்ந்து, நொறுங்கி வலுவிழந்த பாறைப் பட்டை இருக்கும். அருகில் பெரிய நிலநடுக்கம் நிகழும்போது அந்தப் பட்டை சுற்றியுள்ள பாறையைவிட அதிகமாக நெளிவதால், பிளவு வழக்கத்துக்கு எதிரான திசையில் நகர்ந்ததுபோல் தோன்றும். 1999-இல் மொஹாவி பாலைவனத்தில் நிகழ்ந்த ஹெக்டர் மைன் நிலநடுக்கத்துக்குப் பின் இத்தகைய எதிர்த்திசை அசைவுகள் கண்டறியப்பட்டன. ஆகவே ஒரு கோட்டைக் கண்டவுடன் அதைப் பிளவின் இயல்பான நகர்வுத் திசையோடு பொருத்திப் பார்த்துவிட்டே பெயரிட வேண்டும்.

சறுக்கலையும் தூண்டப்பட்ட நிலநடுக்கத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. 1992 ஜூன் 28 அன்று 7.3 அளவுள்ள லாண்டர்ஸ் நிலநடுக்கம் ஏற்பட்ட சுமார் 3 மணி நேரத்தில், அதன் மேற்கே பிக் பேர் பகுதியில் 6-க்கும் மேற்பட்ட அளவில் இன்னொரு நிலநடுக்கம் வந்தது. அதே லாண்டர்ஸ் நிலநடுக்கம் தெற்கே கோச்செல்லா பள்ளத்தாக்கில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைப் பெரும் அதிர்வு ஏதுமின்றிச் சிறிதளவு சறுக்க மட்டுமே வைத்தது.

அண்டை என்றால் பக்கத்தில் மட்டும் என்று வரையறுப்பதும் பொருந்தாது. முறிவால் நிலையாக மாறும் தகைவு தூரம் கூடக் கூட விரைவில் குறைந்துவிடும். கடந்து செல்லும் அலைகளின் உலுக்கலோ வெகுதூரம் எட்டும். 2017 செப்டம்பரில் மெக்சிகோவின் சியாபாஸ் கடற்கரைக்கு அப்பால் 8.2 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தெற்குச் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் மெதுவான சறுக்கலைத் தூண்டியது. இங்கே காலக்கணக்கிலும் கவனம் வேண்டும். இரண்டு ரேடார் படங்களுக்கு இடையே பல நாட்கள் கழிந்திருக்கும். அலை கடந்த நிமிடத்தில் நகர்ந்ததா, பின்வந்த நாட்களில் ஊர்ந்ததா என்பதை அவை பிரித்துக் காட்டமாட்டா. அதற்குப் பிளவின் குறுக்கே பதித்து, இடைவிடாமல் அளக்கும் ஊர்வுமானிகளின் பதிவே வேண்டும்.