கார்புரேட்டர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி

பழைய மாருதி 800 லேசா திணறினா போதும், பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகத்த கை காட்டி, "கார்புரேட்டர் அடைப்பு சார்"னு கழட்டி பெட்ரோல்ல ஊறப் போட்டுடுவாங்க. என் 93 மாடலுக்கு ரெண்டு தடவை இப்படி கழட்டி மாட்டி காசும் வாங்கிட்டாங்க, கடைசில பாத்தா போனது கண்டென்சர், தீப்பொறி வரவைக்கற கரண்ட் சைடுல இருக்கற ஒரு சின்ன டப்பா. காலைல ஜம்முனு ஓடும், ஒரு பத்து கிலோமீட்டர் போய் சூடானதும் மிஸ் அடிக்கும், சைலன்சர்ல பட்டு பட்டுன்னு வெடிக்கும். அதனால நான் பாக்கற வரிசை இதான், முதல்ல கரண்ட், அப்புறம் காத்து, அப்புறம் பெட்ரோல். கார்புரேட்டர் கடைசி.

அதுக்கும் முன்னாடி வண்டி எப்ப திணறுதுன்னு ஒரு ரெண்டு நாள் கவனிங்க. காலைல மட்டும்னா சோக்க (குளிர்ந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ண காத்த குறைக்கற மூடி) பாருங்க, சிக்னல்ல நின்னா மட்டும் ஆஃப் ஆகுதுன்னா ஐடில் (ஆக்சிலரேட்டர மிதிக்காம இன்ஜின் ஓடறது) சைடு, மிதிச்ச உடனே ஒரு செகண்ட் செத்துட்டு அப்புறம் எடுக்குதுன்னா ஆக்சிலரேட்டர் பம்ப் (மிதிக்கும்போது கார்புரேட்டர்ல கூடுதலா பெட்ரோல் பீச்சறது), பைபாஸ்ல 70க்கு மேல மூச்சு வாங்குதுன்னா பெட்ரோல் பத்தல. இத கரெக்டா சொன்னாலே மெக்கானிக்குக்கு பாதி வேலை மிச்சம்.

சரி, கரண்ட். மூணு சிலிண்டர்தான, ஒண்ணு படுத்தாலும் வண்டியே உதறும். ஐடில்ல ஓடவிட்டு, ரப்பர் புடி போட்ட ப்ளையரால ஒவ்வொரு பிளக் ஒயரா புடுங்கிப் பாருங்க (வெறுங்கையால வேணாம், தூக்கி அடிக்கும்), எத புடுங்கினா சத்தம் மாறலையோ அதுதான் குற்றவாளி. அந்த பிளக்க கழட்டி மூக்க பாருங்க. வெளிறின காப்பித்தூள் கலர்னா நல்லது, கரிப்பொடி மாதிரி கறுப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி, சுண்ணாம்பு வெள்ளைன்னா பெட்ரோல் கம்மி இல்ல காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது, பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா அங்க தீப்பொறியே வரல. பாயிண்ட் (கரண்ட வெட்டி வெட்டி விட்டு தீப்பொறி வரவைக்கற உலோக முனைகள்) வச்ச வண்டியா இருந்தா, பிளக்குகளுக்கு கரண்ட பிரிச்சு விடற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடிய தொறந்து பாயிண்ட் முகத்த பாருங்க, ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் குழின்னு எரிஞ்சிருந்தா பாயிண்டோட கண்டென்சரையும் மாத்திடுங்க. பாயிண்ட் இடைவெளி 0.4-லேர்ந்து 0.5 மில்லிமீட்டர், ஆனா இடைவெளிய மாத்தினா டைமிங்கும் (தீப்பொறி விழற நேரம்) நகரும், அதையும் செட் பண்ணாம விட்டா பழைய கதைதான்.

காத்துக்கு, இன்ஜின ஓடவிட்டு, மேனிஃபோல்ட் (கார்புரேட்டர்லேர்ந்து இன்ஜினுக்கு போற குழாய்) கேஸ்கெட், கார்புரேட்டர் அடி, அதுலேர்ந்து போற சின்ன ரப்பர் வேக்கம் ஹோஸ் எல்லாத்துலயும் சோப்புத் தண்ணி தெளிங்க. தண்ணிய உறிஞ்சி ஐடில் மாறுற இடம்தான் ஓட்டை. சில பேர் பெட்ரோல தெளிச்சு பாப்பாங்க, சூடான இன்ஜின் மேல அந்த வேலையே வேணாம்.

பெட்ரோல்ல முதல் டெஸ்ட் சும்மா டேங்க் மூடிய தொறக்கறது. தொறக்கும்போது புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்தா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு. அடுத்து ஃபில்டர், அப்புறம் பம்ப். இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் (உள்ள இருக்கற ரப்பர் சவ்வு) சீக்கிரம் கெடுக்குது, வண்டி ரொம்ப நாள் நின்னா தண்ணியும் சேரும், அதனால ஹோஸ் வெடிச்சிருக்கான்னு வளைச்சுப் பாருங்க.

இவ்வளவும் சரியா இருந்தாதான் கார்புரேட்டர். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு, ஏர் ஃபில்டர கழட்டி, மேலேர்ந்து பாத்துக்கிட்டே ஆக்சிலரேட்டர் லிங்க கையால இழுங்க, உள்ள பெட்ரோல் ஊசி மாதிரி பீச்சி அடிக்கணும், சொட்டுச் சொட்டா வந்தா ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் போயிருக்கலாம். ஐடில் சோலினாய்டு (ஐடில் பெட்ரோல தொறந்து மூடற கரண்ட் வால்வு) இருக்கற வண்டின்னா சாவி போட்டதும் 'டிக்'னு ஒரு சத்தம் வரணும், வரலன்னா ஒயர் கழண்டிருக்கலாம், அந்த ஒத்த ஒயருக்காக மொத்த கார்புரேட்டரையும் பிரிச்சவங்கள பாத்திருக்கேன். ஜெட்டுல (பெட்ரோல் வர்ற நுண்ணிய ஓட்டை) கம்பிய விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும், காத்தடிச்சா போதும். மிக்ஸ்ச்சர் ஸ்க்ரூவ (ஐடில்ல பெட்ரோல்-காத்து கலவைய மாத்தற திருகு) தொடறதுக்கு முன்னாடி உள்ள எத்தன சுத்து போகுதுன்னு எண்ணி எழுதிக்கோங்க, கடைசில இறுக்காதீங்க, முனை நசுங்கிடும்.

இதுக்கப்புறமும் ஒரு சிலிண்டர் படுத்தே கெடந்தா கம்ப்ரஷன் (சிலிண்டர்ல காத்து அமுங்கற அழுத்தம்) பாருங்க. வால்வு எரிஞ்சிருந்தா எந்த ஸ்க்ரூவ திருப்பியும் பிரயோஜனம் இல்ல, ஹெட்ட இறக்கித்தான் ஆகணும்.