முதல் விஆர் கேமை வாங்கும் முன்: ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பாவோ துபாயிலிருந்து மாமாவோ கொண்டுவந்த மெட்டா குவெஸ்ட் (கண்ணில் மாட்டினால் கேமுக்குள்ளேயே நிற்பதுபோலக் காட்டும் விஆர், அதாவது மெய்நிகர், ஹெட்செட்) வீட்டில் இருக்கிறது, எந்த கேமை வாங்குவது என்றுதான் தெரியவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்தில் இப்படித் தொடங்குகிறவர்கள் உண்டு. டிரெய்லரில் எது அழகாக இருக்கிறதோ அதை வாங்கத்தான் கை போகும். படத்தின் அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த கேம் உங்களை எப்படி நகர்த்துகிறது என்பதை முதலில் பாருங்கள்.

படி 1: இடத்தை அளந்துகொள்ளுங்கள்

நடமாடி விளையாட 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியிடம் வேண்டும். ஓட்டு வீட்டுக் கூடம் என்றால் ஊஞ்சலைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஹெட்செட்டில் எல்லைக்கோடு வரையும்போது தூணை வெளியே விட்டுவிடுங்கள். முற்றம்தான் விசாலமாக இருக்கிறதே என்று தோன்றும். பகலில் அங்கே வேண்டவே வேண்டாம். லென்ஸ் வழியாக விழும் வெயில் குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். அந்தப் புள்ளி அப்புறம் போகாது.

அவ்வளவு இடம் இல்லையா? 'மாஸ்' (Moss) என்ற கேம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடக்கூடியது. ஒரு குட்டி எலியை வழிநடத்திப் போக வேண்டும்.

படி 2: நகர்வை ஒப்பிடுங்கள்

ஓடும் பஸ்ஸில் குனிந்து செல்போன் பார்த்தால் குமட்டும், இல்லையா? அங்கே உடல் நகர்கிறது, கண்ணுக்கு அது தெரியவில்லை. விஆரில் தலைகீழ்: கண் முன்னே ஊரே ஓடும், உடல் நின்ற இடத்தில் நிற்கும். காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்பும் கண்ணும் வேறு வேறு சேதி சொல்வதால்தான் தலை சுற்றுகிறது.

'பீட் சேபர்', 'சூப்பர்ஹாட்', 'ஜாப் சிமுலேட்டர்' மூன்றிலும் இந்தத் தொல்லை குறைவு. பீட் சேபரில் கட்டைகள் பாட்டின் தாளத்துக்கு உங்களை நோக்கி வரும். நின்ற இடத்திலேயே வெட்டித் தள்ள வேண்டியதுதான். தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும் என்பது என் கணிப்பு. சூப்பர்ஹாட்டில் நீங்கள் அசைந்தால்தான் காலம் ஓடும். புதியவருக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டைத்தான். பீட் சேபரில் கை மேலே வீசும், அதனால் சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே நிற்காதீர்கள்.

'ரெசிடென்ட் ஈவில் 4' மாதிரி நடந்து சுற்றும் கேம்களில் செட்டிங்ஸைப் பாருங்கள். இடம் விட்டு இடம் தாவும் 'டெலிபோர்ட்' முறை இருந்தால் அதில் தொடங்குங்கள். வழுக்கிக்கொண்டு போகும் முறையைப் பழகிய பிறகு எடுக்கலாம். 'கொரில்லா டேக்' இலவசம்தான். ஆனால் கையை ஊன்றி உந்தித் தாவும் ஆட்டம் அது, முதல் நாளுக்கு வேண்டாம்.

படி 3: உங்கள் ஹெட்செட்டில் ஓடுமா?

2020-இல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' பிரமாதமான கேம். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். குவெஸ்ட்டை அதோடு கேபிளிலோ 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலோ இணைக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 4: ஒரே மாதிரி சோதியுங்கள்

டெமோ இருந்தால் முதலில் அது. ஒப்பிடும் கேம்களை ஒரே வேளையில் ஆடிப் பாருங்கள். ஒன்றைக் காலையிலும் இன்னொன்றைச் சாப்பிட்ட கையோடும் ஆடினால் இரண்டாவதன் மேல்தான் பழி விழும். சித்திரை வெக்கையில் லென்ஸில் ஆவி படியும். எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் வியர்வையும் அடங்கும், காற்று வரும் பக்கத்தை வைத்து எந்தத் திசையில் நிற்கிறோம் என்பதும் தெரியும். தலை சுற்ற ஆரம்பித்தால் உடனே கழற்றிவிடுங்கள்; பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் இன்னும் மோசமாகும்.

பிடிக்கவில்லையா? மெட்டாவின் ஆன்லைன் கடையிலும், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் கடையிலும் பொதுவாக வாங்கிய 14 நாட்களுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். அதனால் வாங்கியதும் தம்பி தங்கைகளிடம் கொடுத்துவிடாமல், முதல் அரைமணி நேரத்தை நீங்களே சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.